கருப்பட்டி விற்க எழுதியிருக்கிறேன், கொஞ்சம் திருத்தித் தாருங்கள்

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். உடன்குடிப் பக்கம் அப்பாவும் சித்தப்பாவும் காய்ச்சும் கருப்பட்டியை வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். விளம்பரம் எழுத ஆள் வைத்தால் லாபம் மிஞ்சாது.

இப்போது இருப்பது: "100% சுத்தமான, பாரம்பரியக் கருப்பட்டி". சீனி கலந்து விற்கிறவரும் இதையேதான் போடுகிறார்! "சர்க்கரை நோய்க்கு நல்லதுன்னு போடு, பிச்சுக்கிட்டுப் போகும்" என்கிறான் நண்பன். கருப்பட்டியும் இனிப்புதானே. உணவுப்பொருளால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) 2018 விளம்பர விதிமுறைகளும் இடம் தரவில்லை. அது வேண்டாம்.

மாற்றி எழுதியது: "சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீர். சீனி சேர்க்காமல் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றியது. கூரியர் செலவு தனி."

இன்ஸ்டாவில் முதல் ஓரிரு வரிதான் தெரிகிறது, மீதி மடங்கிவிடுகிறது. அங்கே விலையை வைப்பதா, சீனி இல்லை என்பதையா? 2023இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு (இந்த ஊர்ப் பொருள் என்ற அரசுப் பதிவு) கிடைத்ததைச் சொன்னால் சென்னைக்காரர்களுக்குப் புரியுமா?

அப்புறம், பதநீர் சீசன் முடிந்தால் புதுக் கருப்பட்டி கிடையாது. இதை "முந்துங்கள், சில நாட்களே!" என்ற ஜவுளிக்கடைத் தொனி இல்லாமல் எப்படிச் சொல்வது? ஆன்லைனில் தின்பண்டம் விற்கிறவர்கள் உங்கள் வரிகளையும் போடுங்கள், பார்த்துக் கற்றுக்கொள்கிறேன்.