மறு: "ஒளிபட்ட சுருள்" வேண்டாம், "எடுத்த சுருள்" போதும்

120 பிலிம் கையேட்டுக்குத் தமிழ்ச் சொல் தேடும் குழுவினருக்கு வணக்கம்,

> "எக்ஸ்போஸ்ட் பிலிம்" என்பதற்கு "ஒளிபட்ட படச்சுருள்" என்றே வைத்துக்கொள்ளலாமே?

மன்னார் அண்ணை, படம் எடுத்து முடிந்து இன்னும் கழுவாத பிலிமுக்கு நீங்கள் சொல்லும் இந்தப் பெயரில் இலக்கணக் குறை ஒன்றுமில்லை. ஆனால் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பழைய ஸ்ரூடியோக்காரர் ஒருவரிடம் போய் "இந்த றோலில வெளிச்சம் பட்டிட்டுது" என்று சொல்லிப் பாருங்கள். "ஐயோ, பழுதாப் போச்சே" என்பார். எங்கள் பக்கம் வெளிச்சம் பட்ட பிலிம் என்றால் கெட்டுப்போன பிலிம்தான். படம் எடுத்ததற்கும், கமராவின் பின்மூடி திறந்து வெளிச்சம் புகுந்ததற்கும் ஒரே பெயர் இருந்தால் கையேட்டில் "ஒளிபட்ட சுருளில் ஒளி படாமல் பாருங்கள்" என்று எழுத வேண்டி வரும்.

நாங்கள் எழுதுவது, தாளோடு சேர்த்துக் கட்டையில் (ஸ்பூலில்) சுற்றி வரும் 120 பிலிமுக்கான கையேடு என்பதால் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். 35 மில்லிமீற்றர் பிலிமை எடுத்து முடிந்ததும் அதன் டப்பாவுக்குள்ளேயே திருப்பிச் சுற்றிவிடலாம். 1901இல் கொடாக் கொண்டுவந்த 120க்கு டப்பா கிடையாது, திருப்பிச் சுற்றுவதும் கிடையாது. பிலிம் ஒரு கட்டையிலிருந்து மற்றக் கட்டைக்குப் போகும், அவ்வளவுதான். காலியான கட்டையை எறியாமல் மற்றப் பக்கம் மாற்றினால்தான் அடுத்த றோலைப் போடலாம். (இதற்கு "வெறுங்கட்டை" என்று வவுனியா அக்கா தந்த சொல்லை நான் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கிறேன். நூல்கட்டை தெரிந்த எவருக்கும் விளக்கம் தேவையில்லை.) கமராவை விட்டு வெளியே வந்த சுருளை வெளிச்சத்திலிருந்து காப்பது அதைச் சுற்றியிருக்கும் தாளும் கட்டையின் இரண்டு விளிம்புகளும் மட்டுமே. சுற்று தளர்ந்தால் ஓரத்தால் வெளிச்சம் புகுந்துவிடும். அதனால் நிழலில் வைத்து எடுக்க வேண்டும், விரல் விடாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டும், தாளின் நுனியைக் கொஞ்சம் உள்ளே மடித்து ஒட்டுநாடாவால் மூட வேண்டும். மடித்த நுனி இருட்டில் கைக்கு அகப்படும். கழுவுகிறவர் உங்களை வாழ்த்துவார். சில றோல்களின் நாடாவை எச்சில் தொட்டு ஒட்ட வேண்டும், பியூஜியில் தானாகவே ஒட்டும்.

அந்த நாடாவில்தான் "எக்ஸ்போஸ்ட்" என்று அச்சிட்டிருப்பார்கள். எங்கள் சொல்லுக்கும் அதுதான் பரீட்சை. ஒரு விரல் அகல நாடாவில் பேனையால் எழுத முடிய வேண்டும், பார்த்தவுடன் புரிய வேண்டும்.

வந்த சொற்களை இந்த அளவில் பார்த்தேன். "படமெடுத்த சுருள்" முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு தம்பி, சுருண்டு கிடந்து படமெடுப்பது என்றால் பாம்புத் தெய்வமான புதூர் நாகதம்பிரான்தான் நினைவுக்கு வருகிறார் என்று எழுதினார். அதன்பிறகு என்னால் வேறு மாதிரி வாசிக்க முடியவில்லை. "முடித்த சுருள்" என்பதைச் சுருக்கி "முடிச்சுருள்" ஆக்கினால் அது தலைமயிர். "எடுத்த சுருள்" எளிமையானது. பெட்டியிலிருந்து எடுத்ததா என்று கேட்கலாம், ஆனால் "எடுத்த றோலா, எடுக்காததா?" என்று கேட்டால் கடையில் எவரும் குழம்புவதில்லை. ஆகவே: எடுக்காத சுருள், எடுத்த சுருள், கழுவிய சுருள். தவறுதலாக வெளிச்சம் புகுந்தது மட்டும் "ஒளிபட்ட சுருள்". அண்ணையின் சொல்லும் வீணாகவில்லை.

அடுத்தது, எடுத்த சுருளுக்குள் இருந்தும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் படம். "மறைபடிமம்" என்று பலர் சொல்கிறீர்கள். ஒட்டுசுட்டானிலிருந்து வந்த மடலில் "குடலைப்படிமம்" என்றிருந்தது. கதிர் உள்ளே இருந்தும் வெளியே வராத குடலைப் பருவத்து நெல்லைப் போல என்று விளக்கமும் இருந்தது. எனக்கு இதுவே பிடிக்கிறது. மறைந்தது அங்கேயே பத்திரமாகக் கிடக்கும் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். குடலைப் பயிரை அப்படி நினைக்க மாட்டார்கள். இந்தப் படிமமும் அப்படித்தான். வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பில் விழுந்த மிகச் சிறிய மாற்றம் அது. சூட்டிலும் ஈரத்திலும் மெல்ல அழியும். இல்போர்ட் நிறுவனமே தன் பான் எஃப் பிளஸ் பிலிமை எடுத்து 3 மாதத்துக்குள் கழுவச் சொல்கிறது. கொழும்புக்கு அனுப்ப நாலைந்து றோல் சேரட்டும் என்று அலுமாரியில் போட்டு வைக்கும் எங்கள் வழக்கத்துக்கு இது நல்ல செய்தி அல்ல.

வன்னிக்கென்று ஒரு பந்தியும் வேண்டும். சோளகக் காலத்தில் ஏ9 வீதியில் ஓடும் பஸ்ஸின் முன்கண்ணாடிக்குக் கீழே றோலை வைத்து அனுப்பக் கூடாது. மாரியில் ஈரம் ஏறினால், பிலிமோடு சுற்றியிருக்கும் பின்தாளில் அச்சிட்ட எண்கள் படத்திலேயே பதியலாம். காற்றுப் புகாத பையில் சிலிக்கா ஜெல்லோடு கட்டி பிறிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்தால் சில மணிநேரம் பையைத் திறக்கக் கூடாது, திறந்தால் சுருளில் நீர் வியர்க்கும்.

"பின்தாள்" என்பதா, "காப்புத்தாள்" என்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. எனக்கு "பின்தாள்". ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் இந்தச் சொற்களையே போட்டு வரைவை அனுப்பிவிடுகிறேன். குடலை வேண்டாம் என்பவர்கள் மட்டும் காரணத்தோடு எழுதுங்கள், "பழக்கமில்லை" என்பது காரணம் ஆகாது.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து