கிறிஸ்துமஸ் மதியத்துக்கு இனிப்புப் பூச்சு ஹாம்: துண்டை வாங்கிவிட்டேன், இனி என்ன செய்வது?

நாகர்கோவில் பெண்
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். நான் நர்ஸ், இங்கே வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வார்டு சிஸ்டரையும், ஊருக்குப் போக முடியாமல் இங்கேயே இருக்கும் இன்னும் இரண்டு பேரையும் வீட்டுக்கு அழைத்துவிட்டேன். நான் வந்திறங்கியபோது போர்வையிலிருந்து பாத்திரம் வரை கொடுத்து உதவியவர் அந்த சிஸ்டர்தான். சின்ன வயதில் அவருடைய அம்மா தேனும் கடுகும் பூசிச் செய்யும் ஹாம் (உப்பு ஏற்றிய பன்றித் தொடைக்கறி) பற்றி ஒருமுறை ஆசையாகச் சொன்னார். அதையே செய்து பரிமாறலாம் என்று நேற்று ஒரு பெரிய துண்டு வாங்கிவிட்டேன். ஊரில் பன்றிக்கறி வறுவல் நிறைய வைத்திருக்கிறேன். இப்படி முழுத் துண்டைத் தொட்டதே இல்லை. எவ்வளவு நேரம் ஓவனில் வைக்க வேண்டும்? இனிப்பை எப்போது பூச வேண்டும்? வாடகை வீட்டு ஓவனில் டிகிரி எதுவும் போடவில்லை, 1 முதல் 9 வரை எண்கள் மட்டும் இருக்கின்றன. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

ஸ்கார்பரோ அக்கா
பயப்பட ஒன்றுமில்லை பிள்ளை. ஹாம் கடையிலேயே வெந்துதான் வரும். நீங்கள் சூடாக்கினால் போதும். எலும்பு நுனியில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதை முதலில் கழற்றிவிடுங்கள். வெட்டின பக்கம் கீழே இருக்கிற மாதிரி ட்ரேயில் வைத்து, ஒரு கப் தண்ணீரோ அன்னாசிச் சாறோ ஊற்றி, அலுமினியத் தாளால் வடிவாக மூடி, 325 டிகிரியில் வையுங்கள். சுருளாக அரிந்து வரும் ஹாம் என்றால் ஒரு பவுண்டுக்கு 10 முதல் 18 நிமிடம். உள்ளே 140 டிகிரி வந்தால் சரி. கடைசி 20 நிமிடம் தாளை எடுத்துவிட்டு பிரவுன் சுகர், கடுகு, மேப்பிள் சிரப் கலந்து பூசுங்கள். எங்கள் வீட்டில் மேப்பிளுக்குப் பதிலாகக் கித்துள் பாணி (கித்துள் மரத்துப் பாகு), வாசமே வேறு.

நான் கனடா வந்த முதல் குளிர்காலம் பேஸ்மெண்ட் அறையில் இருந்தேன். ஓவன் கிடையாது, ஒற்றை ஹாட் பிளேட்தான். டிசம்பர் முழுவதும் பாணும் (பிரெட்) பருப்பும். சன்னல் நிலத்தோடு நிலமாக இருக்கும், பனி விழுந்தால் பகலிலும் லைட் போட வேண்டும். வீட்டுக்கு விருந்தாளி வரப்போகிறார்கள் என்று கவலைப்படும் நிலைக்கு நான் வரப் பல வருடம் ஆனது. நீங்கள் வந்த வேகத்தில் அதைச் செய்கிறீர்கள், சந்தோசம்.

சிட்னி அண்ணன்
இவ்வளவு நேரம் ஓவனில் வைத்தால் காய்ந்துபோகும். இங்கே ஹாம் முழுக் காலாக, வெந்து, புகை போட்டு வரும். சூடாக்கவே தேவையில்லை. தோலை மட்டும் உரித்து எடுத்துவிட்டு, அடியில் உள்ள கொழுப்பில் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கிராம்பு குத்தி, இனிப்பைப் பூசிப் பளபளவென்று வரும் வரை ஓவனில் வைப்போம். டிசம்பர் இங்கே கடும் வெயில் காலம், அதனால் பாதிப் பேர் குளிரவைத்துத்தான் சாப்பிடுவார்கள். மிச்சத்தைப் பிளாஸ்டிக்கில் சுற்றாதீர்கள், வேர்த்துவிடும். வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணிப்பையில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். சில நாளுக்கு ஒருமுறை பையை அலசி மீண்டும் நனைக்க வேண்டும்.

எடின்பரோ ராஜா
கேட்டதற்கு இது பதில் இல்லை, ஆனாலும் மனசில் பட்டதைச் சொல்கிறேன். தெரியாத சமையலை விருந்து நாளில் முதல்முறை செய்யாதீர்கள். நல்ல மட்டன் பிரியாணியும் தயிர்ப் பச்சடியும் வையுங்கள். இங்குள்ளவர்கள் அதற்காகவே நம் வீட்டுக்கு வருவார்கள். நான் வந்த புதிதில் தூங்க மெத்தை இல்லை, ஆனால் பிரியாணி அண்டா இருந்தது. அந்த அண்டாவால்தான் எனக்கு நண்பர்கள் கிடைத்தார்கள்.

கோவென்ட்ரி தம்பி
அக்கா, 1 முதல் 9 என்றால் அது கேஸ் ஓவன், அந்த எண்களுக்கு கேஸ் மார்க் என்று பெயர். அப்படியானால் நீங்கள் பிரிட்டனிலோ அயர்லாந்திலோ இருக்கிறீர்கள், சரியா? ஸ்கார்பரோ அக்கா சொன்ன 325, 140 இரண்டும் ஃபாரன்ஹீட். உங்கள் கணக்கில் 325 என்பது கேஸ் மார்க் 3. மார்க் 4 என்பது 180 செல்சியஸ், மார்க் 6 என்பது 200.

அதைவிட முக்கியம், வீட்டில் கேஸுக்கும் கரண்டுக்கும் இருப்பது முன்பணம் போடும் மீட்டரா என்று பாருங்கள். நான் வந்த முதல் டிசம்பரில் இதனால் பட்ட பாடு மறக்காது. சாவி மீட்டர், காசு ஏற்றும் கடை பூட்டியிருந்தது, வீடு ஐஸ்பெட்டி மாதிரி ஆகிவிட்டது. கையிருப்பு தீர்ந்தாலும் விடுமுறை நாளில் துண்டிக்காமல் விடும் ஏற்பாடு பல நிறுவனங்களில் உண்டு. ஆனால் நமக்கு அதை யாரும் சொல்வதில்லை. 24ஆம் தேதிக்குள் தாராளமாக ஏற்றிவிடுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது என்று 2004இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். பஸ், ரயில் அநேகமாக எதுவும் ஓடாது. விருந்தாளிகள் எப்படி வருவார்கள் என்றும் கேட்டு வையுங்கள்.

ஸ்வான்ஸி கேர் ஹோம்
பண்டிகை என்று பேசவே எரிச்சலாக இருக்கிறது. எங்கே போனாலும் புதிதாக வந்தவர் தலையில்தான் கிறிஸ்துமஸ் இரவு ஷிஃப்ட். "உங்களுக்குக் குடும்பம் இங்கே இல்லையே" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். குடும்பம் இங்கே இல்லாதவர்களுக்குத்தானே அந்த நாள் பாரமாக இருக்கும்? நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு.

கோவென்ட்ரி தம்பி
உண்மைதான் அண்ணே. நான் முதலில் இருந்த வீட்டுக்காரர் டெபாசிட்டைத் திருப்பித் தரவே இல்லை. சுவரில் மசாலா வாசம் என்று காரணம் சொன்னார்.

எடின்பரோ ராஜா
எனக்கும் அதே கதை. முதல் வருடம் முழுக்க ஒன்று மாற்றி ஒன்று. ஊருக்கு போன் பண்ணினால் "நீ என்னப்பா, வெளிநாடு" என்பார்கள்.

லீட்ஸ் அம்மா
தம்பி, டெபாசிட்டை விடாதீர்கள். இங்கிலாந்தில் வீட்டுக்காரர் அதை வாங்கின 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட்டாக வேண்டும். போடவில்லை என்றால் நீங்கள் கோர்ட்டுக்குப் போய் இழப்பீடு கேட்கலாம். அதற்குத் தனியாக ஒரு இழை தொடங்குங்கள், எனக்குத் தெரிந்ததை அங்கே எழுதுகிறேன். இங்கே இந்தப் பெண் கேட்டது ஹாம் பற்றி. அவளுக்கு இன்னும் யாரும் சரியான பதில் சொல்லவில்லை.

பாப்பா, நீ முதலில் பாக்கெட்டைப் பார். அதில் என்ன எழுதியிருக்கிறது? கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பண்டிகைக்கு வாங்கும் ஹாம் பெரும்பாலும் வெந்தே வரும், அதனால் அவர்கள் சொன்னது அவர்கள் ஊருக்குச் சரி. பிரிட்டனில் இந்தச் சமையலுக்கு விற்கும் துண்டு பெரும்பாலும் கேமன், அது உப்பு ஏற்றிய பச்சை இறைச்சி. அதை வெறுமனே சூடாக்கி வைத்தால் விருந்தாளிக்குப் பச்சைக் கறி பரிமாறியதாகிவிடும். எடை எவ்வளவு? எலும்பு உண்டா? எத்தனை மணிக்கு ஆட்கள் வருகிறார்கள்? உன் வீட்டில் பெரிய பாத்திரம் இருக்கிறதா? இதையெல்லாம் சொன்னால்தான் நேரம் சொல்ல முடியும்.

நாகர்கோவில் பெண்
அம்மா, பார்த்தேன். "அன்ஸ்மோக்ட் கேமன் ஜாயின்ட்" என்றுதான் இருக்கிறது. 2 கிலோ, எலும்பு இல்லை, நூல் கட்டியிருக்கிறது. தேதி 28 வரை. ஷெஃபீல்டில் இருக்கிறேன். 24ஆம் தேதி எனக்கு இரவு ஷிஃப்ட், காலை எட்டரைக்குத்தான் வீட்டுக்கு வருவேன், கொஞ்சமாவது தூங்க வேண்டும். இரண்டு மணிக்கு அவர்கள் வருகிறார்கள். பெரிய பாத்திரம் ஒன்று சிஸ்டர் கொடுத்தது இருக்கிறது. பிரஷர் குக்கரும் இருக்கிறது, அதில் வைத்தால் சீக்கிரம் முடியுமா?

லீட்ஸ் அம்மா
இரவு ஷிஃப்ட் என்று இப்போதாவது சொன்னாயே. அப்படியானால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள். வேகவைப்பதை 23ஆம் தேதி மாலையே முடித்துவிடு. குக்கர் வேண்டாம். கொதி அதிகமாகி நார் நாராகப் பிரிந்துவிட்டால் மெல்லிசாக அரிய வராது.

23 மாலை: நூலை அவிழ்க்காமல் துண்டைப் பாத்திரத்தில் வைத்து, மூழ்கும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்று. கொதி வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு, மிகுந்த உப்பு அதோடு போகும். மறுபடி புதுத் தண்ணீர், ஒரு வெங்காயம், ஒரு கேரட், இரண்டு பிரியாணி இலை, பத்துப் பதினைந்து மிளகு. உப்பு ஒரு சிட்டிகைகூடப் போடாதே. கொதித்ததும் தீயைக் குறைத்து, தண்ணீர் லேசாகக் குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும்படி வை. கணக்கு 450 கிராமுக்கு 20 நிமிடம், அதோடு மேலே ஒரு 20. உன் 2 கிலோவுக்கு ஒரு மணி 50 நிமிடம் வரும். ஐந்து பவுண்டுக்கோ பத்துப் பவுண்டுக்கோ கிடைக்கும் ஒரு இறைச்சித் தெர்மாமீட்டர் வாங்கிவிடு, நடுவில் குத்தி 75 டிகிரி செல்சியஸ் காட்டினால் வெந்துவிட்டது. நிறத்தை நம்பாதே. உப்பு ஏற்றும்போது சேர்க்கும் நைட்ரைட்டால் இந்த இறைச்சி முழுசாக வெந்த பிறகும் ரோஸ் நிறமாகத்தான் இருக்கும்.

வெளியே எடுத்து, கை பொறுக்கும் சூட்டிலேயே நூலை வெட்டித் தோலை உரித்துவிடு. ஆறினால் தோல் வராது. தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைக் கொழுப்பு அப்படியே இருக்கட்டும். அதைச் சாய்சதுரமாகக் கீறு, கத்தி கறிக்குள் இறங்கக் கூடாது. தண்ணீரிலேயே ஊறவிடாமல் தட்டில் வைத்து ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடு. வெந்த தண்ணீரில் ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து வை. உப்புக் கரிக்கவில்லை என்றால் மிச்சத்தில் பச்சைப் பட்டாணிப் பருப்பு போட்டு சூப் வைக்கலாம், நம் சாம்பார் பருப்பு மாதிரி குழைந்து வரும்.

24 மாலை, வேலைக்குக் கிளம்பும் முன்: கீறல்கள் சந்திக்கும் இடங்களில் கிராம்பு குத்தி வை. ஒரு கிண்ணத்தில் 100 கிராம் டெமராரா சர்க்கரை (பழுப்பு நிறப் பரல் சர்க்கரை), இரண்டு மேசைக்கரண்டி கடுகு விழுது, இரண்டு மேசைக்கரண்டி தேன் குழைத்து மூடி வை. ஊரிலிருந்து கருப்பட்டி கொண்டுவந்திருந்தால் சர்க்கரையில் பாதியைக் குறைத்து அதைப் பொடித்துச் சேர். கிராம்போடு கருப்பட்டி அருமையாக ஒத்துப்போகும்.

25: பன்னிரண்டு மணிக்கு கேஸ் மார்க் 4. ட்ரேயில் ஹாமை வைத்து, எடுத்து வைத்த தண்ணீரை ஊற்றி, தாளால் இறுக்கி மூடி ஒன்றரை மணி நேரம். நடுவில் 70க்கு மேல் ஏறியதா பார். ஒன்றரைக்கு மார்க் 6. தாளை எடுத்துவிட்டுக் கலவையில் பாதியைக் கொழுப்பின் மேல் பூசு, பத்து நிமிடம் கழித்து மீதி. மொத்தம் 20, 25 நிமிடம். முதலிலேயே பூசினால் சர்க்கரை கருகிக் கசந்துவிடும். கடைசி ஐந்து நிமிடம் ஓவன் பக்கத்திலேயே நில். பிறகு கால் மணி நேரம் ஆறவிட்டு அரி, சாறு உள்ளேயே நிற்கும்.

நாட்டிங்ஹாம் மாமா
வேகவைக்கவே வேண்டாம் அம்மா. தாளில் சுற்றி முழு நேரமும் ஓவனில் வைத்தால் ருசி தண்ணீரில் போகாது. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன், பாக்கெட்டிலேயே ஓவன் நேரம் போட்டிருக்கும்.

லீட்ஸ் அம்மா
உங்கள் முறையும் சரிதான். ஆனால் உப்பு தூக்கலாக இருக்கும் துண்டு என்றால் ஓவனில் அது குறையாது. இந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு ஓவன் முன்னால் நிற்க நேரமும் இல்லை.

ஸ்கார்பரோ அக்கா
பிள்ளை, நான் சொன்ன நேரக் கணக்கை விட்டுவிடுங்கள், அது வெந்த ஹாமுக்கு மட்டும்தான். அம்மா சொன்னபடி செய்யுங்கள். வருகிறவர்களில் யாரும் பன்றி இறைச்சி சாப்பிடாதவர்களா என்று ஒருமுறை கேட்டீர்களா?

நாகர்கோவில் பெண்
நல்லவேளை கேட்டீர்கள் அக்கா. இப்போதுதான் செய்தி அனுப்பிக் கேட்டேன், ஒருவர் சாப்பிட மாட்டாராம். அவருக்குக் கோழி ரோஸ்ட் செய்துவிடுகிறேன். அம்மா, வீட்டில் மஞ்சள் நிற ஆங்கிலக் கடுகு மட்டும்தான் இருக்கிறது, அதே அளவு போடலாமா?

லீட்ஸ் அம்மா
அது மூக்கில் ஏறும். ஒரு மேசைக்கரண்டியே போதும், தேனை ஒரு கரண்டி கூட்டிக்கொள். கோழியை ஹாமுக்கு மேல் தட்டில் வேறு ட்ரேயில் வை. ஹாமுக்குத் தொட்ட கத்தி, கரண்டி எதுவும் கோழி பக்கம் போக வேண்டாம், அவருக்கு அது முக்கியமாக இருக்கும். மிச்சம் இருந்தால் இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிடு, இல்லையென்றால் அரிந்து ஃப்ரீசரில் போடு.