புதுப்பிப்பு: விட்ரெக்டமி முடிந்து ஊட்டிக்கு எப்போது ஏறலாம்?

கண்ணில் பூச்சி பறப்பதுபோல் தெரியும் மிதவைகளுக்கான விட்ரெக்டமி ஆபரேஷன் பற்றிய முந்தைய பதிவில் மலைப்பாதை விஷயம் விடுபட்டுப் போனது. நீலகிரிக்காரர்களுக்கு அதுதான் முக்கியம்.

கருவிழி ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மி.மீ. தள்ளி மூன்று நுண்துளைகள் போட்டு, கண்ணுக்குள் நிரம்பியிருக்கும் கலங்கிய விட்ரியஸ் கூழை வெட்டி உறிஞ்சுவார்கள். வெறும் மிதவை என்றால் பெரும்பாலும் உப்புநீர்தான் நிரப்புவார்கள். உயரத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. விழித்திரையில் கிழிசல் தட்டுப்பட்டால் லேசர் வைத்து, வாயுக் குமிழியும் விடுவதுண்டு. சிக்கல் அங்கேதான். கோவை சுமார் 410 மீட்டர், ஊட்டி 2,240. மேலே காற்றழுத்தம் குறைய, குமிழி கிட்டத்தட்ட கால் பங்கு பெருக்கப் பார்க்கும், கண்ணுக்குள் இடமேது? அழுத்தம் எகிறி விழித்திரைக்கு ரத்தம் போவதே நின்றுவிடலாம். ‘குன்னூர் வரைக்கும்தானே’ என்பதும் செல்லாது.

குமிழிக்கு விட்ட வாயு எஸ்எஃப்6 என்றால் கரைய இரண்டு வாரம் போல ஆகும்; சி3எஃப்8 என்றால் இரண்டு மாதம். அதுவரை மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ சொந்தக்காரர் வீடுதான். எந்த வாயு என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். குமிழி இருக்கையில் வேறு ஆபரேஷன் வந்தால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு கூடாது என்று மயக்கமருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டு சொட்டுமருந்துகளுக்கு நடுவே 5 நிமிடம் விடுங்கள். ஸ்டீராய்டு சொட்டைச் சட்டென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். உறுத்தல், சிவப்பு சகஜம். திரை விழுந்தாற்போல் நிழல், மின்னல் வெட்டு, கடும் வலி என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஓரிரு வருடத்தில் பெரும்பாலும் கண்புரையும் வரும்.