உவரிக்குத் தெக்க, ஆவணிக் காலையில, துண்டு வீசின பெரியவர்

எட்டடிப்பலகை எழுதியது:

மணல் கரையில சர்ஃபிங் போனப்ப மறக்க முடியாதது எதுன்னு கேட்டிருந்தீங்கள்ல, இதை மூணு தடவை எழுதி அழிச்சாச்சு. இன்னைக்குப் போட்டுருதேன்.

போன ஆவணி. உவரிக்கும் கூத்தங்குழிக்கும் நடுவுல அந்தக் கரை. பேரைச் சொன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை பத்துக் காரும் ஒரு ட்ரோனும் வந்து நிக்கும், அதனால சொல்லல. போனவங்களுக்குத் தெரியும். பாறை கிடையாது, டீக்கடை கிடையாது, பூராவும் மணல். கரையில ஃபைபர் போட்டு, அதான் படகு, நாலஞ்சை ஏத்தி வச்சிருப்பாங்க. அவ்வளவுதான்.

ராதாபுரம் தாண்டும்போதே காத்தாடிகளைப் பாத்தேன். எல்லாம் மேற்க மூஞ்சியை வச்சுச் சுத்துது. கச்சான், அதான் மேக்காத்து. நம்ம கரை தென்கிழக்கப் பாத்துக் கிடக்கதால அந்தக் காத்து தரையிலருந்து கடலுக்குப் போவும், அலை முகம் சீவி விட்ட மாதிரி நிக்கும். போனா அப்படித்தான் இருந்துச்சு. இடுப்பளவு அலைதான், ஆனா சுத்தம். ரெண்டு அலை நல்லாக் கிடைச்சது, ஒண்ணுல எந்திரிச்சு நின்னு கரை வரைக்கும் வந்துட்டேன்.

மூணாவதுக்காக உள்ள உக்காந்து காத்துக் கிடக்கேன். கரையில ஒரு பெரியவர். சிவப்புத் துண்டைத் தலைக்கு மேல தூக்கி வீசுதாரு. நானும் கையைத் தூக்கி ஆட்டினேன். சிரிச்சேன் வேற. அவர் மறுபடியும் வீசினாரு. நானும் மறுபடியும் ஆட்டினேன்.

அப்புறந்தான் அடையாளத்துக்குப் பாத்து வச்சிருந்த நீலப் போட்டைத் தேடினேன். எனக்கு நேரா இருந்தது, இப்ப தெக்க எங்கேயோ கிடக்கு. கரையும் சின்னதாப் போச்சு. இழுப்புல மாட்டிக்கிட்டேன்னு நெனச்சேன். உடனே படுத்து போட்டைப் பாத்துத் துழாவ ஆரம்பிச்சேன். துழாவத் துழாவ நின்ன இடத்துலயே நிக்கேன். தோள் ரெண்டும் கழண்டுரும் போல. நிமிர்ந்து பாத்தா அந்தத் துண்டு இப்ப வேற மாதிரி அசையுது. வடக்கப் பாத்து, நீளமா, ஒரு இழு. இறக்கினாரு. மறுபடி வடக்க ஒரு இழு. அப்பதான் மண்டையில உறைச்சுது. பலகையைத் திருப்பி கரைக்குப் பக்கவாட்டுல வடக்க துழாவினேன். கொஞ்ச நேரத்துல தண்ணி விட்டுருச்சு. முதுகுல நுரை வந்து மோதிக் கரையில கொண்டு போட்டுச்சு.

எந்திரிச்சுப் பாக்கேன், அவர் போய்க்கிட்டு இருக்காரு. தூரத்துல. துண்டு தலையில கட்டியாச்சு. "தாத்தா"ன்னு கத்தினேன். காத்துல கேட்டுருக்காது. திரும்பவே இல்ல.

அந்த ஆளு உயிரைக் காப்பாத்துதாரு, நான் மாப்பிள்ளை அழைப்புல வர்ற மாதிரி கையாட்டிக்கிட்டு இருந்திருக்கேன். ராத்திரி படுத்தா அதுதான் வருது.


மூணாவதுமுயற்சி எழுதியது:

படிக்கவே உடம்பு சிலிர்க்குது. என்னோடது இவ்வளவு பெருசு இல்ல.

எனக்கு இன்னும் எந்திரிச்சு நிக்க வராது, முட்டி போடுறதோட சரி. அத்தை கூட வந்தாத்தான் வீட்டுல விடுவாங்க. ஒரு செவ்வாய்க்கிழமை அத்தைக்கு உவரி அந்தோணியார் கோயில்ல வேண்டுதல், அதை முடிச்சுட்டு பலகையோட கரைக்குப் போனோம். கோயிலுக்கு வந்த பெண்கள் கூட்டம் ஒண்ணு கால் நனைச்சுக்கிட்டு நின்னுச்சு. நான் நுரையில புரண்டு வெளிய வந்தா எல்லாரும் சுத்திக்கிட்டாங்க. என்ன விலை, எங்க வாங்கின, கல்யாணம் ஆயிருச்சா. வழக்கமானதுதான்.

அதுல ஒரு ஆச்சி, எழுபது இருக்கும், பேசவே இல்ல. பலகையை உள்ளங்கையால தடவிக்கிட்டே இருந்தாங்க. திடீர்னு சேலையை இடுப்புல சொருகிட்டு மணல்லயே பலகை மேல குப்புறப் படுத்துட்டாங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் சிரிக்கல. ஏன்னா அவங்க படுத்த படுக்கை சரியா இருந்துச்சு. நெஞ்சு தூக்கி, காலு ரெண்டும் சேத்து, நடுவுல. எனக்கு மூணு வகுப்பு எடுத்தும் வராத படுக்கை. காத்துல ரெண்டு துழாவு துழாவினாங்க.

"சின்னப்புள்ளையில ஒடஞ்ச மரத்துண்டுல வருவோம்டி"ன்னாங்க. அடுத்த நொடி சட்டுனு எந்திரிச்சு மணலைத் தட்டிட்டு, "அண்ணன் பாத்தா தோலை உரிச்சுருவான்"னு சொல்லிட்டு ஊருப்பக்கம் திரும்பிப் பாத்தாங்க.

எழுபது வயசு. அந்த அண்ணன் இருக்காரோ இல்லையோ. ஊர் இடிந்தகரைன்னு மட்டும் கூட வந்தவங்க சொன்னாங்க. தண்ணிக்குள்ள ஒரு தடவை வாறீங்களான்னு நான் கேட்டுருக்கணும். கேக்கல.


கச்சான்காத்து எழுதியது:

எட்டடி, கோவிச்சுக்காதீங்க. அது இழுப்பே இல்ல. இழுப்பா இருந்தா நேரா உள்ள கொண்டு போயிருக்கும். நீங்க நகந்தது வடக்க. அது கரையை ஒட்டி ஓடுற நீரோட்டம், அதோட பின்னாடியிருந்து கச்சான் தள்ளியிருக்கு. சுத்தமான அலைன்னு சந்தோஷப்பட்டீங்கள்ல, அதே காத்துதான் உங்களையும் கடலுக்குத் தள்ளுச்சு.

இழுப்புன்னு ஆளாளுக்குப் பயமுறுத்துறாங்க. மணல் திட்டுக்கு மேல அலை உடையும். அந்தத் தண்ணி திரும்பிப் போக ரெண்டு திட்டுக்கு நடுவுல ஒரு பள்ளம் பாத்துக்கும், அதுதான் இழுப்பு. பழகினவனுக்கு அது ஓசி லிஃப்ட். நான் அதுல ஏறித்தான் உள்ள போறதே.

என் அனுபவம்னா, மணப்பாட்டுல ஒரு கடல் ஆமை பக்கத்துல தலையைத் தூக்கி மூச்சு விட்டுச்சு. பெருமூச்சு, மனுசன் விடுறது மாதிரியே. பயந்து பலகையிலருந்து விழுந்துட்டேன்.


தேரிக்காட்டான் எழுதியது:

கூட்டப்புளியில் திருக்கையை மிதித்தேன். குதிகாலுக்கு மேலே முள். அந்த வலியை எழுத்தில் சொல்ல முடியாது. கரையில் ஒரு அக்கா அடுப்பிலிருந்த வெந்நீரைச் சட்டியோடு கொண்டுவந்து "காலை வைங்க"ன்னு அதட்டியதுதான் இன்றும் காதில் கேட்கிறது.

புதியவர்கள் இதைப் படிப்பதால் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். மணல் கரையில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காதீர்கள், தேய்த்தபடி போங்கள். திருக்கை மணலுக்குள் பதுங்கிக் கிடக்கும், அதிர்வு பட்டால் தானே விலகிவிடும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை. சூட்டில் வலி அடங்கும். முள் ஆழமாக இருந்தால் பிடுங்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மணல்தானே, விழுந்தால் மெத்தை என்று நினைப்பவர்கள் அதிகம். முழங்கால் தண்ணீரில் தலைகீழாக விழுந்தால் கழுத்து போய்விடும். தட்டையாக விழ வேண்டும், எழும்பும்போது கை தலைக்கு மேலே இருக்க வேண்டும். லீஷ், அதாவது பலகையைக் காலோடு இணைக்கும் கயிறு, கட்டாமல் இறங்கவே கூடாது. உங்கள் பலகை கரையில் குளிக்கும் குழந்தையின் மேல் போய் விழும். அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகையை வைக்காதீர்கள், முகத்தில் அடிக்கும். தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்ட ஊர்களில் கற்களை ஒட்டி இறங்காதீர்கள். கரையோட்டம் கல்லில் முட்டிக் கடலுக்குள் திரும்பும். அங்கே அலை உடையாமல் அமைதியாகத் தெரிவதே அதனால்தான்.

ஓசி லிஃப்ட் என்று எழுதிய நண்பருக்கு: 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்தது. வானம் தெளிவாக இருக்கும், காற்று இருக்காது, நம் கரையில் புயலும் இருக்காது. தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயலின் அலை நாட்கணக்கில் பயணம் செய்து வந்து ஏறும். அதனால்தான் கள்ளன் என்ற பெயர். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் எச்சரிக்கை வெளியிடுகிறது. இறங்குமுன் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. அப்படித் தூரத்திலிருந்து வரும் அலைகளுக்கு இடைவெளி நீளம்; ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் 15 விநாடிக்கு மேல் இடைவெளி என்று முன்னறிவிப்பில் பார்த்தால் நான் பலகையைக் காரிலிருந்து இறக்கவே மாட்டேன். சன் ஸ்க்ரீன் பற்றித் தனியாக எழுதுகிறேன்.


கச்சான்காத்து எழுதியது:

15 விநாடிக்குப் பலகையை இறக்க மாட்டாராம். அண்ணாச்சி, அந்த நாளுக்காகத்தான் நாங்க வருசம் பூரா காத்துக் கிடக்கோம். "பழகினவனுக்கு"ன்னு எழுதினேன், அந்த ஒத்தை வார்த்தையை விட்டுட்டுப் படிச்சிருக்கீங்க. லெமூர்ல போன பிள்ளைகள் கரையில நின்னவங்க, பலகையோட போனவங்க இல்ல. அதையும் இதையும் ஒண்ணாக் கட்டாதீங்க.

2025 ஆகஸ்ட்ல மாமல்லபுரத்துல ஆசிய சர்ஃபிங் போட்டியே நடந்துச்சு, நம்ம நாட்டு ரமேஷ் புதிஹால் வெண்கலம் அடிச்சாரு. நாம இன்னும் வெந்நீர்ச் சட்டியிலயே நிக்கோம்.


மூணாவதுமுயற்சி எழுதியது:

வெந்நீர்ச் சட்டியைக் குறை சொல்லாதீங்க. அந்த அக்கா இல்லன்னா அவர் கதை வேற.


கரமடிப்பேரன் எழுதியது:

நான் பலகைக்காரன் இல்ல. தம்பி மகன் இதைக் காட்டினான், அதான் வந்தேன். எங்க பாட்டா கட்டுமரத்துல போனவரு, அப்பா வள்ளம், நான் வளைகுடாவுல வெல்டிங்.

ரெண்டு பேரும் சண்டை போடுறீங்க, ரெண்டு பேரு சொல்றதும் இருக்கு. ஆவணியில நீவாடு, அதான் கடல் நீரோட்டம், தெக்கருந்து வடக்க பாயும், நாங்க சோநீவாடும்போம். அதோட மல்லுக்கட்டித் துழாவினா மரத்துல போறவனே ஜெயிக்க முடியாது. அது கொண்டு போற பக்கமே போய் அலை உடையிற இடத்தைப் பிடிச்சுக் கரையேறணும். நடந்து திரும்ப வந்துக்கலாம். பாட்டா கரைபிடிக்கும்போது உடனே வரமாட்டாரு. அலைக்கு வெளியில மரத்தை நிறுத்தி, பெரிய அலைக் கூட்டம் கடந்து போறது வரைக்கும் துடுப்பைத் தண்ணியில அளைஞ்சுக்கிட்டே நிப்பாரு. அப்புறம் ஒரு சின்ன அலை முதுகுல ஏறுவாரு பாருங்க, மீனு, வலை, ரெண்டு ஆளு எல்லாத்தோடயும் மரம் மணலுக்கு வந்து நிக்கும். நீங்க பலகையில நின்னு வாறதை நாங்க பசிக்காக வந்தோம்.

ஒரு தடவை அவரு அவசரப்பட்டாரு. மரம் புரண்டு அவரு தொடையில அடிச்சுது. கரையில நான் நிக்கேன், எட்டு வயசு. காலு உடைஞ்சதைப் பாக்காம "ஏல, வலையைப் பிடி, வலையைப் பிடி"ன்னு என்னையக் கத்தினாரு. அந்தக் குரல்தான் எனக்கு.

சரி, நான் வந்தது அதுக்கில்ல. எட்டடித் தம்பி, ஒண்ணு கேக்கணும். நீங்க இருந்த இடத்துக்கு வடக்க வள்ளம் ஏதும் நின்னுச்சா?

எதுக்குக் கேக்கேன்னா, ஆவணியில கடல் தாழ்ந்த நாள் பாத்து அந்தப் பக்கம் கரமடி விடுவாங்க, கரையிலருந்து இழுக்கிற வலை. கம்பாவோட, அதான் வலைக்கயிறோட, ஒரு நுனி கரையில இருக்கும், வள்ளம் மடியைக் கொண்டு போய்க் கடல்ல வளைச்சு விட்டுட்டு வரும். மீன்கூட்டம் எங்க நிக்கி, எந்தப் பக்கம் நகருதுன்னு வள்ளத்துல இருக்கிறவனுக்குத் தெரியாது. கரை மேட்டுல ஒரு விவரமான ஆளு நின்னு துண்டாலதான் சொல்லுவாரு. தலைக்கு மேல வீசினா ஒரு அர்த்தம். வடக்க நீளமா இழுத்துக் காட்டினா, மீன் வடக்க போகுது, வளைச்சுக்கோன்னு அர்த்தம்.


எட்டடிப்பலகை எழுதியது:

அண்ணே, இதைப் படிச்சுட்டு அரை மணி நேரம் சும்மா உக்காந்துட்டேன்.

நின்னுச்சு. பச்சை வள்ளம், மூணு பேரு. அவங்களுக்கும் கையாட்டினேன்.


கரமடிப்பேரன் எழுதியது:

நீங்க நேரா வடக்க துழாவிப் போனீங்கள்ல?


எட்டடிப்பலகை எழுதியது:

ஆமாண்ணே. கையையும் காலையும் போட்டு அடிச்சுக்கிட்டு.


கரமடிப்பேரன் எழுதியது:

அப்ப மீன் பூராவும் கலைஞ்சிருக்கும் தம்பி. அவரு திரும்பிப் பாக்காமப் போனதுக்கு அதுதான் காரணம்னு நெனைக்கேன். காத்துல கேக்காம இல்ல.


மூணாவதுமுயற்சி எழுதியது:

ஐயோ 😂 ஆனா ரெண்டுக்கும் சேத்தே வீசியிருக்கலாம்ல?


எட்டடிப்பலகை எழுதியது:

தெரியல. வர்ற சனிக்கிழமை போறேன். பலகை எடுத்துட்டுப் போகல. நீலப் போட்டு யாருதுன்னு விசாரிச்சா ஆளைக் கண்டுபிடிச்சுரலாம். கையில என்ன கொண்டு போகன்னுதான் யோசிக்கேன். ஒரு மடி மீன் என்ன விலை வரும் அண்ணே?