ஹாக்கி ‘டிரேட்’: ‘ஈடுமாற்று’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

டொராண்டோ அக்கா தொடங்கிய இழைக்குத் தாமதமாக வருகிறேன். அவர் கேட்டதை மறுபடி மேலே ஒட்டுகிறேன். பத்துப் பதினைந்து மடல் தாண்டியதில் கேள்வியே காணாமல் போய்விட்டது.

> ஐஸ் ஹாக்கியில் ஓர் அணியின் பொது மேலாளர் தன் ஆட்டக்காரரைக் கொடுத்து இன்னோர் அணியின் ஆட்டக்காரரை வாங்குவதை இங்கே எல்லாரும் டிரேட் என்கிறோம். தமிழில் எழுத உட்கார்ந்தால் ‘வர்த்தகம்’ என்று வந்து நிற்கிறது. அப்புறம், ஒரு மேலாளர் செய்த டிரேட் எல்லாவற்றையும் சேர்த்து அவரை எடைபோடுகிறோமே, அதற்கு என்ன சொல்?

அக்கா கேட்டவை இரண்டு சொற்கள். நாம் முதலாவதிலேயே நின்று மல்லுக்கட்டுகிறோம். இரண்டாவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் முதலாவது தானே அமையும் என்று தோன்றுகிறது.

இதுவரை வந்தவற்றைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ‘வர்த்தகம்’ வேண்டாம் என்பதில் எல்லாரும் ஒன்று. ‘பரிமாற்றம்’ தகவலுக்கும் கருத்துக்கும் எப்போதோ வாக்கப்பட்டுவிட்டது. ‘ஆள்மாற்று’ அழகுதான், ஆனால் காதில் ஆள்மாறாட்டம் என்று விழுகிறது. தேர்வறையில் யாரோ பிடிபட்ட மாதிரி. ‘மாற்று வீரர்’ ஆட்டத்தின் நடுவில் களமிறங்குகிறவர். ‘கைமாற்று’ நண்பரிடம் வாங்கித் திருப்பிக் கொடுக்காத ஐந்நூறு ரூபாய். மிச்சம் இருப்பது ஐயா சொன்னது:

> நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கினோம், அது பண்டமாற்று. சரக்குக்குச் சரக்கு. இதுவும் அதேதான். சொல் தயாராக இருக்கும்போது புதிதாக ஏன் செய்ய வேண்டும்?

ஐயா, மனிதரைப் பண்டம் என்பதில் உள்ள கூச்சத்தை விட்டுவிடுவோம். உப்பு வாங்கியவர் அன்றே அளந்து பார்த்துவிடலாம். ஹாக்கியில் வாங்கியது என்ன என்று தெரியவே சில சமயம் பத்து வருடம் ஆகிறது. என் சிக்கல் அங்கேதான்.

பீட்டர் சியரெல்லியை எடுத்துக்கொள்வோம். பாஸ்டன் புரூயின்ஸின் பொது மேலாளராக இருந்து 2011இல் ஸ்டான்லி கோப்பை (வட அமெரிக்க ஹாக்கி லீகான என்ஹெச்எல்லின் சாம்பியன் கோப்பை) வென்றவர். 2015இல் எட்மன்டன் ஆயிலர்ஸுக்குப் போய், 2019 ஜனவரியில் பருவத்தின் நடுவிலேயே வேலை இழந்தவர். இவரைக் கிண்டல் செய்யாத ஹாக்கி ரசிகரைப் பார்ப்பது கடினம்.

2009 செப்டம்பரில் இவர் ஃபில் கெஸ்ஸலை டொராண்டோவுக்குக் கொடுத்தார். வந்தவை டொராண்டோவின் மூன்று தேர்வுரிமைகள், அவற்றில் இரண்டு முதல் சுற்று. (ஆண்டுதோறும் இளம் ஆட்டக்காரர்களை வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தேர்வுரிமை என்கிறேன். பிடிக்காதவர்கள் தனி இழையில் திட்டலாம்.) போன பருவத்தில் கடைசியில் கிடந்த அணிகள்தான் வரிசையில் முன்னால் நிற்கும். டொராண்டோ அந்தப் பருவம் படுத்துவிட்டதால் கையிலிருந்த உரிமை 2010இல் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. டைலர் சேகின் கிடைத்தார். மறுவருடம் ஒன்பதாம் இடத்தில் டூகி ஹாமில்டன். பாஸ்டனில் ஒரே கொண்டாட்டம். பிறகு 2013 ஜூலையில் அதே சியரெல்லி அதே சேகினை டாலஸுக்குக் கொடுத்துவிட்டு லூயி எரிக்சன் உட்பட நால்வரை வாங்கினார். சேகின் டாலஸில் முதல் பருவத்திலேயே 37 கோல் அடித்தார். எரிக்சன் மூன்று பருவம் ஆடி, ஒப்பந்தம் முடிந்ததும் வான்கூவருக்குக் கிளம்பிவிட்டார்.

கெஸ்ஸலைக் கொடுத்தது நல்லதா, கெட்டதா? சேகின் வந்ததோடு கணக்கை மூடினால் நல்லது. அவர் போனதையும் சேர்த்தால் என்ன சொல்வது? இரண்டும் ஒரே கொடியில் காய்த்தவைதானே.

எட்மன்டனில் 2015 ஜூனில் நடந்ததற்கு வாதாடவே முடியாது. 16ஆம், 33ஆம் இடத் தேர்வுரிமைகளை நியூயார்க் ஐலண்டர்ஸுக்குக் கொடுத்து கிரிஃபின் ரைன்ஹார்ட்டை வாங்கினார். அந்த 16ஆம் இடத்தில் ஐலண்டர்ஸ் எடுத்தது மாத்யூ பார்சலை. அவர் 2018இல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது வாங்கினார். ரைன்ஹார்ட் எட்மன்டனுக்கு முப்பது ஆட்டம்கூடத் தேறவில்லை.

ஆனால் 2016 ஜூன் 29? டெய்லர் ஹாலைக் கொடுத்து நியூ ஜெர்சியிலிருந்து ஆடம் லார்சனை வாங்கினார். ஒருவருக்கு ஒருவர், கூட ஒரு தேர்வுரிமைகூட இல்லை. 2018இல் ஹால் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதை வாங்கினார். அதோடு தீர்ப்பு எழுதிவிட்டார்கள். எட்மன்டனுக்குத் தடுப்பாட்டக்காரர் இல்லாமல் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது, லார்சன் வந்த பருவத்தில்தான் 2006க்குப் பிறகு முதல்முறையாக அந்த அணி பிளேஆஃப் போனது என்பதை யாரும் சொல்வதில்லை. விலை அதிகம் கொடுத்தார் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேவையில்லாததை வாங்கவில்லை. அதிக விலை ஒரு குற்றம், வேண்டாத பொருள் வேறொரு குற்றம். ‘வர்த்தகம்’ என்று எழுதினால் லாபம், நஷ்டம் என்ற இரண்டே கட்டம்தான் கிடைக்கிறது.

கணக்கு யாருடையது என்பதிலும் குழப்பம். 2006 ஜூனில் பாஸ்டன், ஆண்ட்ரூ ரேக்ராஃப்டை டொராண்டோவுக்குக் கொடுத்து டூக்கா ராஸ்கை வாங்கியது. ராஸ்க் பின்னாளில் லீகின் சிறந்த கோலி, அதாவது கோல்காப்பாளர், ஆனார். இதைச் சியரெல்லியின் பக்கத்தில் வரவு வைப்பவர்கள் நிறைய. ஆனால் அப்போது அவர் பாஸ்டனில் பொறுப்பேற்கவே இல்லை. இடைக்காலப் பொறுப்பில் இருந்த ஜெஃப் கார்ட்டன் செய்தது அது.

இதைவிடப் பெரிய உதாரணம் கியூபெக் நோர்டிக்ஸ். 1992இல் எரிக் லிண்ட்ரோஸை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்தபோது பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் வந்தார், இன்னும் பலர் வந்தார்கள், 1.5 கோடி டாலர் வந்தது, தேர்வுரிமைகளும் வந்தன. அதில் ஓர் உரிமையில் 1993இல் ஜோசலின் திபோ என்ற கோலியை எடுத்தார்கள். அணி 1995இல் கொலராடோவுக்குக் குடிபெயர்ந்தது. அந்த டிசம்பரில் திபோவையும் இன்னும் இருவரையும் மான்ட்ரியாலுக்குக் கொடுத்து பாட்ரிக் ர்வாவையும் மைக் கீனையும் வாங்கினார்கள். ஆறே மாதத்தில் கோப்பை. லிண்ட்ரோஸ் போன வழியில்தான் ர்வா வந்தார். ஆனால் 1992இல் பொது மேலாளர் பியர் பஜே, 1995இல் பியர் லக்ருவா. நட்டவர் ஒருவர், பறித்தவர் ஒருவர். ரசிகர்கள் இதற்கு வரைபடமே போட்டு ‘டிரேட் ட்ரீ’ என்கிறார்கள். ‘மரம்’ என்று அப்படியே பெயர்க்க வேண்டாம், நமக்குக் ‘கொடிவழி’ இருக்கிறது. வம்சாவளிக்குச் சொல்வது இதற்கும் அச்சாகப் பொருந்தும். இந்த ஒரு சொல்லை மட்டும் குழு ஏற்றுக்கொண்டாலே எனக்குப் போதும்.

இப்போது முதல் சொல்லுக்கு வருகிறேன். ஹாக்கி ரசிகர்கள் ஒரு டிரேட் நடந்ததும் கேட்கும் முதல் கேள்வி, “பதிலுக்கு என்ன வந்தது?” அந்தப் பதிலுக்குத் தமிழில் ‘ஈடு’. ஹாலுக்கு ஈடு லார்சன். ஈடானதா என்று கேட்கலாம், ஈடு குறைவு எனலாம், ஈடே இல்லை எனலாம். ஆகவே செயலுக்கு ‘ஈடுமாற்று’. ஹாலை ஈடுமாற்றினார்கள், ஹால் ஈடுமாறிப் போனார். மேலாளரின் மொத்தச் செயல்பாட்டுக்கு ‘ஈட்டுக்கணக்கு’. யார் ஜெயித்தார் என்பதைச் சொல் முன்கூட்டியே தீர்மானிக்கவில்லை. 1995இல் டாலஸ் ஜெரோம் இகின்லாவைக் கல்கரிக்குக் கொடுத்து ஜோ நியூவன்டைக்கை வாங்கியது. நியூவன்டைக் 1999இல் டாலஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்து பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார். இகின்லா கல்கரிக்கு 500 கோலுக்கு மேல் அடித்தார். இரண்டு பக்கமும் ஈடு சரி.

அடிக்க வருபவர்கள் வரிசையில் வரவும்.

*

தம்பிக்கு,

கொடிவழி பிரமாதம். அதை இன்றே பட்டியலில் ஏற்றிவிடலாம். ஈடுமாற்றில் எனக்கு இரண்டு இடறல்.

ஒன்று, எங்கள் ஊரில் ஈடு என்றால் அடமானம். நகையை ஈடு வைத்தோம் என்பார்கள். இரண்டு, ஐபிஎல். 2023இல் ஹார்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்கு வந்ததை நம் பத்திரிகைகள் டிரேட் என்றுதான் எழுதின. ஆளுக்கு ஆள் மாறவில்லை, பணம்தான் போனது. அதற்கும் உம்முடைய சொல் தாங்குமா?

பண்டமாற்றை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

*

ஐயா,

பணமும் ஈடுதான். 1988 ஆகஸ்டில் எட்மன்டன் வெய்ன் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொடுத்தபோது ஈடாக வந்தவற்றில் 1.5 கோடி டாலரும் உண்டு. ஆகவே பாண்டியாவுக்கும் தாங்கும். பண்டமாற்றில்தான் அது இடிக்கும்.

அடமானப் பொருள் எனக்கும் உறுத்தியது. பிறகு யோசித்தால், மூன்று வருடம் கழித்து வரப்போகும் தேர்வுரிமையை இன்றைக்கே எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய நகையை வைப்பதுதான். மீட்பதற்குள் மேலாளர் மாறியிருப்பார். எனவே அந்த வாசனை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் பாதகமில்லை.

நான் ஒரு சொல்லைக் கேட்க மறந்துவிட்டேன். அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு இருப்பதால், ஆளைக் கொடுப்பதற்கே கையிலிருந்து போட வேண்டிய நிலை வருகிறது. 2019 ஜூனில் டொராண்டோ, பாட்ரிக் மார்லோவின் ஒப்பந்தத்தை இறக்கி வைக்கக் கரோலைனாவுக்கு ஒரு முதல் சுற்றுத் தேர்வுரிமையைச் சேர்த்துக் கொடுத்தது. கொடுத்தவர் கைல் டூபாஸ். ஆனால் 2017இல் அந்த ஒப்பந்தத்தைப் போட்டவர் அவருக்கு முன்பிருந்த லூ லமொரெல்லோ. கரோலைனா அந்த உரிமையில் 2020இல் சேத் ஜார்விஸை எடுத்தது. இங்கே ஈடு தலைகீழாக ஓடுகிறது. செயலைச் ‘சுமையிறக்கு’ என்றும், வாங்கிக்கொள்ளும் அணியைச் ‘சுமைதாங்கி’ என்றும் சொல்லலாமா? சாலையோரக் கல் இலவசம், இந்தக் கல் கூலி வாங்குகிறது. அந்த வேறுபாடு உங்களுக்கு உறுத்தினால் சொல்லுங்கள்.

அக்காவுக்கு: நீங்கள் பேச்சோடு பேச்சாக ஹாக்கியை ‘வளைகோல் பந்தாட்டம்’ என்று எழுதியிருந்தீர்கள். பனியில் பந்து ஏது? வட்டுதானே. அதற்கு வேறு இழை திறக்கிறேன்.