பூனையின் மடியில் கட்டி: மடி நோய் என்று விட்டுவிடாதீர்கள்

காங்கேயம் பக்கத்திலிருந்து:

எங்கள் தோட்டத்துச் சாளையில் கடலைக்காய் மூட்டைகளுக்குக் காவலே பூனைகள்தான். மூத்தவள் செவலை, 11 வயது. போன ஐப்பசியில் அவள் வயிற்றைத் தடவும்போது இடப்பக்கக் கடைசிக் காம்பின் ஓரத்தில் துவரம்பருப்பு அளவில் ஏதோ கையில் நெருடியது. அழுத்திப் பார்த்தேன். சூடில்லை, சிவப்பில்லை, வலியும் இல்லை. அவள் பாட்டுக்குக் கண்ணை மூடிக் கிடந்தாள்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா பார்த்துவிட்டு, "மடி நோய்தான் அம்மிணி. சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துப் பூசு" என்றார். மடியில் கிருமி ஏறி வீங்குவதைத்தான் மடி நோய் என்போம். மாட்டுக்கு அது நல்ல மருந்து, எங்கள் எருமைக்கே கேட்டிருக்கிறது. ஆனால் பூனை பூசியதை மேலே வைத்துக்கொண்டிருக்குமா? அத்தனையையும் நக்கி விழுங்கும், சுண்ணாம்பு பட்டு வாய் வெந்துபோகும். அதோடு செவலை குட்டி போட்டே பல வருடம் ஆகிறது. பால் கட்டாத மடியில் மடி நோய் எங்கிருந்து வரும்? அந்தக் கேள்விதான் என்னை ஈரோட்டுக்குக் கிளப்பியது.

டாக்டர் கட்டியை மட்டும் பார்க்கவில்லை. எட்டுக் காம்புகளையும் ஒவ்வொன்றாக இரு விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். பிறகு அக்குள், தொடையிடுக்கு. நெறி கட்டியிருக்கிறதா என்று தேடினாராம். நெஞ்சை மூன்று பக்கமும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், புற்றாக இருந்தால் நுரையீரலுக்கும் தாவும் என்பதால். நாய்க்கு வரும் மடிக் கட்டியில் ஏறக்குறைய பாதி சாதுவானது. பூனைக்கு வருவதில் பத்தில் எட்டு ஒன்பது புற்று. 2 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது எடுத்தால் ஆண்டுக்கணக்கில் வாழ வாய்ப்பு உண்டு, 3-ஐத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் மாதக்கணக்குதான் என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

கட்டியை மட்டும் கிள்ளி எடுத்தால் அதே வரிசையில் மறுபடி முளைக்கும் என்று அந்தப் பக்கத்து நான்கு மடிகளையும் சேர்த்தே எடுத்தார்கள். அக்குளிலிருந்து தொடை வரை தையல். திருப்பூரில் வேலை செய்யும் தங்கை பனியன் துணியில் நான்கு கால்களுக்கும் ஓட்டை வைத்துச் சட்டை தைத்துக் கொடுத்தாள். கழுத்தில் மாட்டும் கூம்பைவிட அதைத்தான் செவலை பொறுத்துக்கொண்டாள். பயாப்ஸி முடிவு புற்று என்றே வந்தது. இன்றுவரை நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். அடுத்த எக்ஸ்ரேவை நினைத்தால் இப்போதே வயிறு கலங்குகிறது.

பொள்ளாச்சியிலிருந்து:

எங்களுக்கு வந்தது உண்மையான மடி நோய். சோளத்தட்டுப் போருக்குள் குட்டி போட்ட இளம்பூனை திடீரென்று குட்டிகளை உதறிவிட்டு எழுந்து போனது. ஒரு மடி மட்டும் கல்லாக இறுகி, தொட்டால் கொதித்தது, தோல் கருஞ்சிவப்பு. பிதுக்கினால் மஞ்சளாகத் திரிந்த பால், நடுவே ரத்த இழை. காய்ச்சலும் இருந்தது. மருந்துக் கடையில் பாரசிட்டமால் பாதி கொடுக்கச் சொன்னார்கள். தயவுசெய்து யாரும் கொடுத்துவிடாதீர்கள். அதை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை. ரத்தம் பழுப்பாகி, மூச்சு முட்டி, ஒரே மாத்திரையில் செத்துப்போகும். எங்கள் பூனை ஆன்டிபயாடிக்கிலும் வெந்நீர் ஒத்தடத்திலும் தேறியது. குட்டிகளைப் புட்டிப்பாலில் காப்பாற்றினோம்.

கோபியிலிருந்து:

ஒரு வயதுகூட ஆகாத எங்கள் பூனைக்கு முதல் பருவம் வந்து போன கொஞ்ச நாளில் எட்டு மடியும் ஒருசேர வீங்கி, நடக்கும்போது தரையில் உரசின. புற்றுதான் என்று வீடே அழுதது. டாக்டரின் முதல் கேள்வி, "பருவத்தை நிறுத்த ஊசி போட்டீர்களா?" இல்லை என்றோம். இது ஹார்மோனால் வரும் வெறும் வீக்கம், அந்த ஊசியாலும் வரும் என்றார். மடி வீங்கியிருந்ததால் வயிற்றைத் தொடாமல் விலாப்பக்கம் திறந்து கருத்தடை செய்தார்கள். சில வாரங்களில் வற்றிவிட்டது.

மீண்டும் காங்கேயத்திலிருந்து:

கோபிக்காரர் அந்த ஊசியைச் சொன்னது நல்லதாயிற்று. புற்று வரும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது. கருத்தடையை எப்போது செய்வது என்று கேட்டவர்களுக்கு: 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 6 மாதத்துக்குள் செய்த பூனைகளுக்கு மடிப் புற்று ஆபத்து 91 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு வயதுக்குள் என்றால் 86. இரண்டு வயதுக்கு மேல் செய்தால் அந்தப் பலன் இல்லை. ஒரு ஈடு குட்டியாவது போடட்டும், பிறகு பார்க்கலாம் என்று எங்கள் ஊரில் சொல்வதை நான் இனிமேல் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டில் இருக்கும் மூன்று பெண்குட்டிகளுக்கும் அடுத்த வாரம் நாள் குறித்தாகிவிட்டது.