பொருள்: மறுமொழி – ரெமிட்டன்ஸுக்கு 'விடுபணம்' சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

ரெமிட்டன்ஸுக்கு, அதாவது வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு, ஒரு தமிழ்ச் சொல் கேட்டு நான் எழுதிய மடலுக்குப் பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. எதற்காகக் கேட்டேன் என்பதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் கடற்கரை ஊர்ப் படிப்பகத்தில் ஞாயிறு மாலைகளில் எனக்குப் பிடித்த வீடியோக்களைச் சுவரில் போட்டுக் காட்டி, தமிழில் விளக்குகிறேன். பெரும்பாலும் ஆப்பிரிக்காவைப் பற்றியவை. பஞ்சம், போர் என்று மட்டுமே நாம் கேட்டுப் பழகிய நாடுகளில், மக்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எப்படிச் சீர்செய்துகொண்டார்கள் என்று சொல்பவை.

போன வாரம் கென்யாவின் எம்-பெசா, கைப்பேசி வழியே பணம் அனுப்பும் சேவை. 2007-இல் சஃபாரிகாம் என்ற கைப்பேசி நிறுவனம் தொடங்கியது. நைரோபியில் கூலிவேலை பார்ப்பவர் தெருமுனைக் கடையில் காசைக் கொடுத்துக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்கிறார். குறுஞ்செய்தியில் அது கிராமத்துக்குப் போகிறது. அம்மா பக்கத்துக் கடையில் ரொக்கமாக வாங்கிக்கொள்கிறார். வங்கிக் கணக்கே வேண்டாம். 'வீட்டுக்குப் பணம் அனுப்பு' என்பதுதான் அதன் தொடக்ககால விளம்பர வாசகம். பெசா என்றால் சுவாகிலியில் பணம். நம் பைசாதான் கடல் கடந்து அப்படி ஆனது. இதைச் சொன்னதும் கூடத்தில் எல்லார் முகமும் மலர்ந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பணத்துக்கே பைசா என்றுதானே பேச்சு! (திருவிதாங்கூர் காலத்து நாணயமான 'சக்கரம்' இன்னும் சில பெரியவர்கள் வாயில் இருக்கிறது.)

ஆனால் விளக்கும்போது ஒவ்வொரு முறையும் 'வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம்' என்று நீட்ட வேண்டியிருந்தது. செய்தித்தாள்களும் அப்படித்தான் நீட்டுகின்றன. 2022-இல் இந்தியாவுக்கு இப்படி வந்தது 10,000 கோடி டாலருக்கும் மேல், உலகிலேயே அதிகம். வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு எங்கள் ஊரில் இல்லை. அப்படிப்பட்ட பணத்துக்கு ஒரு பெயர் வேண்டாமா?

> அயலகப் பணவரவு என்று வைக்கலாம்.

ஐயா, அலுவலகக் கோப்புக்கு இது பொருந்தும். ஆனால் நைரோபியிலிருந்து கென்யாவுக்குள்ளேயே இருக்கும் கிசுமுவுக்குப் போகிற பணம் அயலகம் தாண்டவில்லையே. தவிர, வரவு என்றால் வாங்குகிறவர் பக்கம் மட்டும்தான் தெரிகிறது. மணலாரண்யத்தில் உழைத்து அனுப்பியவர் சொல்லுக்குள் இல்லை.

> உண்டியல் பழைய சொல்தானே?

ஆம், வணிகர்கள் கைமாற்றிய சீட்டு அது. இன்று கேட்பவருக்குக் கோயில் உண்டியல்தான் நினைவுக்கு வரும், அல்லது கணக்கில் வராத பணம். நேர்மையாகச் சம்பாதித்த காசுக்கு அந்தப் பெயரை வைக்க எனக்கு மனமில்லை.

> ஊர்ப்பணம் எளிமையாக இருக்கிறது.

எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் எங்கள் கடற்கரையில் 'ஊர்' என்றால் ஊர்க் கமிட்டி. ஊர்ப்பணம் என்றால் வரிப்பிரிவும் திருவிழாக் கணக்கும்தான்.

என் பரிந்துரை: விடுபணம். விடுத்தல் என்றால் அனுப்புதல். தூது இலக்கியங்களின் 'விடு தூது' நமக்குத் தெரியும். மணியார்டருக்குப் பணவிடை என்ற சொல்லும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதும்போது போட்ட விடுநர், பெறுநர் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வினைத்தொகை என்பதால் அனுப்பியது, அனுப்புவது, அனுப்பப்போவது மூன்றையும் அடக்குகிறது. மாதாமாதம் போகிற பணத்துக்கு அது எவ்வளவு பொருத்தம்!

படிப்பகத்தில் சொல்லிப் பார்த்தேன். கணவர் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருக்கும் ஒரு அக்கா உடனே கேட்டார்: "விட்ட பைசான்னா போன பைசால்லா மக்களே?" சீட்டில் விட்ட பணம், வட்டிக்கு விட்ட பணம் எல்லாம் அவருக்குத் தெரியும். அந்தக் கேள்வி இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. ஆனால் 'விட்ட' என்று பிரித்தால்தான் இழப்பு ஒலிக்கிறது. 'விடுபணம்' என்று ஒரே மூச்சில் சொன்னால் ஒலிக்கவில்லை. அக்காவிடமும் அப்படிச் சொல்லிக் காட்டினேன். "அப்ப செரி, விடுநருக்க பணம்" என்றார். நான் தந்ததைவிட நல்ல விளக்கம் அது.

அடுத்த ஞாயிறு மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலி. அதன் மேற்கே காயெஸ் வட்டாரத்திலிருந்து பிரான்சுக்குப் போன தொழிலாளர்கள், ஒரே அறையில் பலர் நெருக்கியடித்து இருந்துகொண்டு, காசு சேர்த்துத் தங்கள் கிராமங்களில் பள்ளிக்கூடமும் மருத்துவ நிலையமும் கிணறும் கட்டினார்கள். இது ஒரு வீட்டுக்கு வரும் பணம் அல்ல, ஊருக்கு வருவது. ஆகவே 'ஊர் விடுபணம்' என்று சொல்ல நினைக்கிறேன். ஊர்ப்பணம் சொன்ன நண்பருக்கு இதில் மகிழ்ச்சி இருக்கும். வீடியோ முடிந்ததும், பிரான்சுக்குப் பிழைக்கப் போன செனகல்காரர்களை நினைத்து செனகல் பாடகர் யூசு என்தூர் பாடிய பாட்டையும் போடுவேன். அவர் பாடும் ஓலோஃப் மொழி யாருக்கும் புரியாது. ஆனால் அந்தக் குரலும் தாளமும் எங்கள் ஆட்களைப் பிடித்து உட்காரவைத்துவிடும், உறுதியாக.

சனிக்கிழமை மாலை படிப்பகப் பலகையில் சுண்ணக்கட்டியால் 'விடுபணம்' என்று எழுதப்போகிறேன். இதைவிடப் பொருந்தும் சொல் இருந்தால் அதற்குள் எழுதுங்கள், அதையே எழுதிவிடுகிறேன்.

அன்புடன்,
குளச்சல் பக்கத்திலிருந்து